தாள் கிழிக்காத முப்பத்தொன்று

என் மாமனார் என்னை யாருக்காவது அறிமுகம் செய்தால் பெயரைச் சொல்லமாட்டார். "நம்ம மாப்ள. ஓசூர்ல கியர் கம்பெனில கம்ப்யூட்டர் பாக்கறாரு. இன்னும் டெம்ப்ரவரிதான்" என்பார். உத்தனப்பள்ளியில் தக்காளி ஏற்ற வரும் டெம்போக்காரரிலிருந்து கல்யாணப் பந்தியில் பக்கத்து இலைக்காரர்வரை எல்லோருக்கும் என் டெம்ப்ரவரி தெரியும். அவர் மகள், அதாவது என் மனைவி, கைக்கடிகாரத் தொழிற்சாலையில் பர்மனென்ட். கல்யாணத்துக்கு முன்பே பர்மனென்ட். அவளை ஏற்றிப்போகக் கம்பெனி பஸ் தெருமுனைக்கே வரும். நான் டவுன் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு போவேன். நான் போச்சம்பள்ளிப் பக்கத்தில் கூலி வேலை செய்த குடும்பம். அவர்கள் காணி உள்ளவர்கள். அந்த வித்தியாசத்தை மாமனார் ஒரு நாளும் வாய்விட்டுச் சொன்னதில்லை. டெம்ப்ரவரி என்ற சொல்லே அவருக்குப் போதுமானதாக இருந்தது.

என் ஆர்டரில் ஒரு வரி உண்டு. பயிற்சிக் காலம் மார்ச் முப்பத்தொன்றோடு முடிகிறது. அந்தத் தேதிக்குள் வேண்டாம் என்று கம்பெனி சொல்லவில்லையானால் நான் நிரந்தரம். அந்த வரியைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். மாமனாரின் வாயை அடைக்க என்னிடம் இருந்தது அது ஒன்றுதான்.

தொண்ணூறுகளின் கடைசி அது. கம்பெனி ஓசூர் தொழிற்பேட்டையில் இருந்தது. ஷெட் முழுக்கக் கட்டிங் ஆயில் வாசனை. செருப்பை வெளியே விட்டுவிட்டு உள்ளே போகும் ஒரே இடம் கம்ப்யூட்டர் ரூம். அதற்கு மேனேஜர் ஒருவர். தினமும் பெங்களூரிலிருந்து காரில் வருவார். மேலதிகாரிகளிடம் இங்கிலீஷ், கோபம் வந்தால் கன்னடம், என்னிடம் இரண்டும் கலந்த ஒரு தமிழ். எனக்கு அவரைப் பிடிக்காது. அவருக்கு என்னைப் பிடிக்காது. இதில் இரண்டு பேருக்கும் எந்தக் குழப்பமும் இருந்ததில்லை.

லைசென்ஸ் கட்டி வாங்கிய பழைய சிஸ்டத்தைத் தூக்கிவிட்டு, காசில்லாத யூனிக்ஸ் ஒன்றைக் கொண்டுவரப்போகிறேன் என்று அவர் மேலே சொல்லிவைத்திருந்தார். சொன்னது அவர், செய்யவேண்டியது நான். அந்த யூனிக்ஸ் ஒரு சிடியில் வந்தது. அதோடு ஒரு பெரிய பேக்கேஜ் தொகுப்பும் இருந்தது. பிரிண்டருக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு ஒன்று, திரையில் எழுத்து காட்ட ஒன்று என்று ஆயிரத்துக்குமேல். ஆனால் எதுவும் ஆக்கிவைத்த சோறு இல்லை, எல்லாம் சமையல் குறிப்புதான். மூல நிரலை எங்கிருந்து எடுப்பது, எங்கே திருத்துவது, எப்படிக் கம்பைல் செய்வது, எங்கே கொண்டுபோய் வைப்பது என்று ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு குறிப்பு. நாம் ஒரு கட்டளை கொடுத்துவிட்டு உட்கார்ந்தால் அது பாட்டுக்குச் செய்யும். ஒன்றுக்கு இன்னொன்று வேண்டுமென்றால் அதையும் தேடிச் செய்யும். நடுவில் ஒன்று கெட்டால் மேலே உள்ள அத்தனையும் நின்றுபோகும்.

இதையெல்லாம் ஓட்டுகிற கருவிக்குத் தெரிந்தது ஒரே விஷயம். ஃபைல்களின் தேதியையும் நேரத்தையும் பார்க்கும். மூல ஃபைல் பிந்தியது, அதிலிருந்து செய்தது முந்தியது என்றால், யாரோ மூலத்தைத் திருத்தியிருக்கிறார்கள் என்று மறுபடி செய்யும். இல்லாவிட்டால் தொடாது. அவ்வளவுதான் அதன் புத்தி. எனக்கும் அன்றைக்கு அதைவிட அதிகப் புத்தி இருந்ததாகச் சொல்லமாட்டேன்.

என் இயந்திரத்தில் டிஸ்க் சிறியது. பெரிய டிஸ்க் இருந்தது பில்லிங் இயந்திரத்தில்தான். அது நடைக்கு எதிர்ப்புறம், சரக்குக்குப் பில் போட்டு அனுப்பும் டெஸ்பாச் ரூமில் இருந்தது. கேபிள் இழுத்து, அந்த டிஸ்க்கில் ஒரு மூலையை எனக்கு ஒதுக்கி, வேலையை அங்கே செய்யச் சொன்னார் மேனேஜர். டெஸ்பாச் ரூமுக்குள் நான் போகக்கூடாது. அது அங்கே இருந்த இன்சார்ஜின் ராஜ்ஜியம். சேலத்துக்காரர், ஆஜானுபாகு. நாம் வணக்கம் சொன்னால் திரும்பிப் பார்ப்பது தன் கௌரவத்துக்குக் குறைவு என்று நினைக்கிறவர்.

டிசம்பர் நடுவில் எல்லாம் ஓடியது. ஜனவரி முதல் வாரம் நான் தொடவில்லை, நடுவில் தொட்டபோதும் ஓடியது. பிப்ரவரி பிறந்ததும் ஜி.எம். முன்னால் ரிவ்யூ மீட்டிங். எல்லா டிபார்ட்மெண்டும் போன மாதம் என்ன கிழித்தது என்று சொல்லவேண்டும். மேனேஜர் ஜி.எம்.மைக் கம்ப்யூட்டர் ரூமுக்கே கூட்டிவந்து, பார்க்கப் பார்க்க ஓட்டிக்காட்டச் சொன்னார். நான் கட்டளை கொடுத்தேன். முதல் பேக்கேஜ் முதல் படியை முடித்தது. திரும்பவும் முதல் படிக்கே போனது. மறுபடியும் முடித்தது, மறுபடியும் போனது. செக்குமாடு மாதிரி சுற்றிக்கொண்டே இருந்தது. ஜி.எம். கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு போய்விட்டார்.

"ஏன்ரீ, மத்தெ நிந்து ஹோய்த்தா?" என்றார் மேனேஜர். மறுபடியும் நின்றுவிட்டதா என்று கேட்டார், இதற்குமுன் பத்துத் தடவை நின்றது போல. முந்தாநாள்வரை ஓடியது சார் என்றேன். முந்தாநாள் ஓடியதை யார் பார்த்தார்கள் என்று கேட்டார். நான்தான் பார்த்தேன். வேறு யாரும் பார்க்கவில்லை.

நான் சிடியைச் சந்தேகப்பட்டேன். கீறல் இல்லை. மெமரியைக் கழற்றித் துடைத்து மாட்டினேன். கரண்டைத் திட்டினேன், தொழிற்பேட்டையில் வோல்டேஜ் ஆடுகிற ஆட்டத்துக்கு எதையும் அதன்மேல் போடலாம். கம்பைலரையே மாற்றினேன். எதற்கும் மசியவில்லை. நான் ஒரு ஃபைலைத் திருத்தினால் அதைத் திரும்பியே பார்க்காமல் பழையதை வைத்துக்கொண்டு போய், கடைசியில் எல்லாவற்றையும் இணைக்கும்போது இது இல்லை, அது இல்லை என்று திரை முழுக்கத் திட்டிவிட்டு நின்றது. மாதம் ஒரு வாரம் ஓடியபிறகு ஒரு காலை நான் எதையும் தொடாமலே எல்லாம் சரியாகிவிட்டது. அழகாக ஓடியது. ரிப்பேர் பார்க்கிறவனுக்கு இதைவிட அவமானம் கிடையாது. எதை மாற்றினாய் என்று மேனேஜர் கேட்டார். எதையும் மாற்றவில்லை என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை எழுதமுடியாது.

பிப்ரவரி நடுவில் நான் நல்ல பிள்ளை. மாதம் முடிந்து ரிவ்யூ வந்ததும் அதே கதை. மேனேஜர் இந்த முறை ஜி.எம்.மைக் கூட்டிவரவில்லை. தனியாக வந்து, கைகட்டி நின்று, செக்குமாடு இரண்டு சுற்று சுற்றுவதைப் பார்த்துவிட்டு, ஜி.எம். வரும் நாளில் மட்டும் எனக்கு வயிற்றுவலி வருகிறதா என்று கேட்டார். டிப்ளமோக்காரனிடம் இதைக் கொடுத்தது தன் தப்பு என்றார். மொத்தத் தொகுப்பும் முதலிலிருந்து கடைசிவரை ஓடி முடிவதைத் தன் கண்ணால் பார்க்காமல் என் பேப்பரில் கையெழுத்துப் போடப்போவதில்லை என்றார். போடவேண்டாம் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். கையெழுத்து எனக்குத் தேவையே இல்லை. மார்ச் முப்பத்தொன்று வாய்மூடிக்கொண்டு தாண்டிப்போனால் போதும்.

அந்த ஆத்திரத்தில் நான் ஒன்று செய்தேன். அந்தத் தொகுப்பைப் பார்த்துக்கொள்கிறவர்கள் வெளிநாட்டில் எங்கெங்கோ இருந்தார்கள். அவர்களுக்கு ஒரு ஈமெயில் முகவரி உண்டு. மேனேஜரின் டயல்-அப் கணக்கிலிருந்து, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எவ்வளவு காரம் போடமுடியுமோ அவ்வளவு போட்டு எழுதினேன். உங்கள் குறிப்பு தப்பு, நீங்களே ஒரு தடவையாவது ஓட்டிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். இரண்டு நாளில் பதில் வந்தது. ஒரே வரி. உன் கடிகாரம் சரியாக இருக்கிறதா?

எனக்கு உச்சந்தலைக்கு ஏறிவிட்டது. என் கையில் இருந்தது என் மனைவி வேலை செய்யும் கம்பெனியின் கடிகாரம், தேதி காட்டுகிற மாடல். ஊருக்கே கடிகாரம் செய்கிற ஓசூரில் இருப்பவனிடம் கடிகாரம் சரியா என்று கேட்கிறான். ஆனாலும் பார்த்தேன். என் இயந்திரத்தின் தேதி, நேரம், கையில் இருந்த தேதி, நேரம் எல்லாம் ஒன்று. சரியாகத்தான் இருக்கிறது, நீ உன் வேலையைப் பார் என்கிற அர்த்தத்தில் மரியாதையாக எழுதி அனுப்பினேன். அதற்குப் பதில் வரவில்லை. எழுதின ஆளின் மூக்கை உடைத்துவிட்டதாக நினைத்து அன்றைக்கு நான் சந்தோஷமாக இருந்தேன்.

இங்கே டெஸ்பாச்காரர்களின் ஒரு பேச்சைச் சொல்லவேண்டும். மாதக் கடைசியில் அந்த நடையில் ஒரே ஓட்டமாக இருக்கும். டெம்போக்கள் வாசலில் நிற்கும். பில் பிரிண்டர் கரகரவென்று கத்திக்கொண்டே இருக்கும். இன்சார்ஜ் கதவில் நின்று, "யாரும் தாள் கிழிச்சிடாதீங்க" என்று சத்தம் போடுவார். வாட்ச்மேன் எட்டிப்பார்த்து, "தாள் கிழிச்சாச்சா சார்?" என்பார். ஸ்டோர்காரர் வந்து அதையே கேட்பார். பிரிண்டரில் தொடர்தாள் ஓடுகிறது, பில் முழுக்க வருவதற்குள் அவசரப்பட்டுக் கிழித்துவிடாதே என்று சொல்கிறார்கள் என்று நான் எடுத்துக்கொண்டேன். ஒரு வருடம் இதைக் காதில் வாங்கியிருக்கிறேன். ஒரு தடவைகூட வேறுமாதிரி தோன்றவில்லை.

மார்ச் முப்பத்தொன்று வந்தது. மேனேஜர் என்னைக் கூப்பிடவில்லை. ஆள் சேர்ப்பதும் நீக்குவதும் பார்க்கிற பெர்சனல் ஆபீசர் கூப்பிடவில்லை. ஏப்ரல் ஒன்று விடிந்தது. அன்றைக்கும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சாயங்காலம் பஸ் ஸ்டாண்டில் மைசூர்பாகு வாங்கிக்கொண்டு, மனைவியையும் கூட்டிக்கொண்டு உத்தனப்பள்ளிக்குப் போனேன். மாமனார் களத்தில் தக்காளிக் கூடைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். இன்றிலிருந்து நான் பர்மனென்ட் என்றேன். அவர் மைசூர்பாகைக் கையில் வைத்துக்கொண்டே யோசித்தார்.

"ஆர்டரு வந்துச்சா மாப்ள?"

"ஆர்டர் வேணாம் மாமா. தேதி போயிட்டா போதும்."

"தேதி போயிட்டா போதுமா" என்று திருப்பிச் சொல்லிவிட்டு மைசூர்பாகை வாயில் போட்டுக்கொண்டார். திரும்பும்போது பஸ்ஸில் என் மனைவி சிரித்துக்கொண்டே வந்தாள். அப்பாவை இவ்வளவு அமைதியாக அவள் பார்த்ததில்லையாம்.

மறுநாள் ரிவ்யூ. காலையிலேயே போய் ஓட்டிப் பார்த்தேன். செக்குமாடு. ஆனால் அன்றைக்கு எனக்குப் பயம் இல்லை. பயம் போனதும் கண் கொஞ்சம் தெளிவாகத் தெரிந்தது என்றுதான் சொல்லவேண்டும். ஒரு காலி ஃபைலை அந்தப் பில்லிங் டிஸ்க்கில் உண்டாக்கி, அதன் விவரத்தைப் பட்டியலிடச் சொன்னேன். மார்ச் முப்பத்தொன்று என்று வந்தது. இன்னொன்று செய்தேன். அதுவும் மார்ச் முப்பத்தொன்று. கையில் இருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். தேதி இரண்டு.

அந்த டிஸ்க் இருந்த இயந்திரத்தின் கடிகாரத்தை நான் பார்க்கவே இல்லை. என்னுடையது சரியாக இருந்தால் போதும் என்று இருந்துவிட்டேன். கருவி செய்கிற ஃபைல்களில் சிலவற்றுக்கு என் இயந்திரம் தேதி போடுகிறது, சிலவற்றுக்கு அந்த இயந்திரம் போடுகிறது. ஒன்று ஏப்ரலில் இருக்கிறது, மற்றொன்று மார்ச்சில் இருக்கிறது. இப்போதுதான் செய்த ஃபைல், மூலத்தைவிடப் பழையதாகத் தெரிகிறது; உடனே மறுபடி செய்கிறது. நான் திருத்தியது திருத்துவதற்கு முந்தைய தேதியில் போய் உட்காருகிறது. ஆகவே அதைத் தொடுவதே இல்லை. சிடியிலும் கோளாறு இல்லை, குறிப்பிலும் கோளாறு இல்லை.

செருப்பு மாட்டாமலே நடையைத் தாண்டி டெஸ்பாச் ரூமுக்குள் போனேன். இன்சார்ஜ் இல்லை. பில் போடுகிற பெண் ஒருத்தி இருந்தாள். உங்கள் மெஷினில் தேதி தப்பாக இருக்கிறது, மாற்றிவிடவா என்று கேட்டேன். அவள் பதறிப்போய்க் கீபோர்டின்மேல் கையை வைத்துக்கொண்டாள்.

"ஐயோ வேணாங்க சார். இன்னும் தாள் கிழிக்கலீங்களே" என்று சுவரைக் காட்டினாள்.

சுவரில் தினசரிக் காலண்டர். மார்ச் முப்பத்தொன்று. அன்றைய ராகு காலம், எமகண்டம், நல்ல நேரம் எல்லாவற்றோடும். மாத டார்கெட்டுக்கு வேண்டிய பில் அத்தனையும் விழும்வரை அந்தத் தாளை யாரும் கிழிக்கக்கூடாது. ஒருவர் கிழித்தால் இன்னொருவர் அதைப் பார்த்துப் புதுத் தேதியில் பில் போட்டுவிடுவார். காலையில் வந்ததும் முதல் வேலை, கம்ப்யூட்டரின் தேதியைப் பின்னால் தள்ளுவது. இரண்டாவது வேலைதான் மேஜை துடைப்பது. மற்ற மாதங்களில் இந்த அறையில் மட்டும். மார்ச் என்றால் ஆபீஸ் முழுக்க. அவள் இதையெல்லாம் ஒளிவுமறைவு இல்லாமல் சொன்னாள். ஒரு வருடமாக இங்கே இருக்கிறவனுக்கு இதுகூடத் தெரியாதா என்று அவளுக்கு ஆச்சரியம்.

நான் கம்ப்யூட்டர் ரூமுக்குத் திரும்பினேன். மூன்று ரிவ்யூக்களாக இவர்கள் என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறார்கள். மாதம் பிறந்ததும் கெட்டுப்போய், ஒரு வாரத்தில் தானாகச் சரியான அந்த மாயம் இவ்வளவுதான். தாள் கிழித்ததும் சரியாகிவிடும்.

ரிவ்யூவில் மேனேஜர் எழுந்து, சிஸ்டம் ரெடி, ஆனால் பையனுக்கு அனுபவம் போதவில்லை என்றார். பெங்களூரில் தனக்குத் தெரிந்த ஒரு ஆளைக் கொண்டுவரலாம் என்றும் சொன்னார். ஜி.எம்., மேனேஜர், பெர்சனல் ஆபீசர், டெஸ்பாச் இன்சார்ஜ் எல்லோரும் மேஜையைச் சுற்றி இருந்தார்கள். நான் சுவரோரம் நின்றிருந்தேன். நேற்றுவரை என்றால் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருப்பேன். இன்றைக்கு நான் பர்மனென்ட் அல்லவா. அனுபவம் இல்லாதது எனக்கில்லை, இந்தக் கம்பெனியில் ஏப்ரல் பிறக்கவில்லை, அதுதான் கோளாறு என்றேன். பில்லிங் மெஷினில் பொய்த் தேதி வைத்திருக்கிறார்கள், அதனால்தான் ஒவ்வொரு மாதமும் நிற்கிறது என்றேன். இன்சார்ஜைக் கையால் காட்டியே சொன்னேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. ஜி.எம். கதவைச் சாத்தச் சொன்னார். பிறகு மிக நிதானமாக, "அந்தத் தேதிய மாத்த முடியாது தம்பி. நீ உன்னோடத மாத்திக்க" என்றார். இன்சார்ஜ் முதல் தடவையாக என்னைத் திரும்பிப் பார்த்தார்.

என்னோடதை மாற்றிக்கொண்டேன். வெளியே வந்ததும் வேலையை ஆரம்பித்துவிட்டேன், அதுவும் வீம்பாக. அரைகுறையாகச் செய்து மேனேஜரிடம் மறுபடி வாங்கிக் கட்டிக்கொள்ளக்கூடாது. பழைய குப்பை ஒன்றும் மிஞ்சக்கூடாது என்று என் இயந்திரத்தின் டிஸ்க்கை மொத்தமாகத் துடைத்தேன். சிடியிலிருந்து யூனிக்ஸைப் புதிதாக ஏற்றினேன். தன் சொந்தத் தேதியை நம்பாதே, பில்லிங் மெஷின் என்ன தேதி சொல்கிறதோ அதுதான் தேதி என்று அதற்குக் கட்டளை எழுதினேன். இரண்டு இயந்திரமும் மார்ச் முப்பத்தொன்றில் கைகோத்து நின்றன. பேக்கேஜ் தொகுப்பு முழுவதையும் முதலிலிருந்து ஓடவிட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன். தேதியைப் பின்னால் தள்ளுவது காலையில்தான். இரவில் அதைத் தொட யாரும் இல்லை.

மறுநாள் காலை திரையில் ஒரு பிழைகூட இல்லை. பிரிண்டர், டேட்டாபேஸ், திரை எழுத்து எல்லாம் முடிந்து, கடைசி வரிக்குக் கீழே கர்சர் சாதுவாக மின்னிக்கொண்டிருந்தது. நான் நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து அதைப் பார்த்தேன். எனக்கு அழுகை வரும்போல இருந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன். மேனேஜர் வந்தார். மேலேயிருந்து கீழேவரை ஓட்டிப் பார்த்தார். "பரவாயில்ல" என்றார். ஒரு வருடத்தில் அவர் எனக்குச் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. சொல்லிவிட்டு, பெர்சனல் ஆபீசர் கூப்பிடுகிறார், போய்ப் பார் என்றார்.

கன்ஃபர்மேஷன் ஆர்டர் தரத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நினைத்துப் போனேன். சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு போனேன்.

பெர்சனல் ஆபீசர் தன்மையான மனிதர். உட்காரச் சொன்னார், தண்ணீர் வேண்டுமா என்று கேட்டார். பிறகு ஒரு கவரைக் கொடுத்தார். பயிற்சிக் காலத்தில் என் வேலை திருப்தியில்லை, என் சேவை இன்றோடு தேவையில்லை என்று இருந்தது. மேலே தேதி மார்ச் முப்பத்தொன்று.

"சார், இன்னைக்கு தேதி மூணு" என்றேன்.

நான் கையை நீட்டி என் கடிகாரத்தைக் காட்டினேன். முப்பத்தொன்றில் என்னை யாரும் கூப்பிடவில்லை, அதற்குப்பிறகும் மூன்று நாள் வேலை செய்திருக்கிறேன், என் ஆர்டரில் உள்ள வரிப்படி நான் நிரந்தரம் என்றேன். குரல் உயர்ந்துவிட்டது. மூன்று நாள் வந்ததற்கு என்ன அத்தாட்சி என்று அவர் கேட்டார். அதையும் தன்மையாகத்தான் கேட்டார்.

ஒர்க்கர்களுக்குக் கேட்டில் பஞ்சிங் கார்டு உண்டு. கம்ப்யூட்டர் ரூமுக்குக் கிடையாது. மெஷினில் நாங்கள் உள்ளே நுழைவதே வருகைப் பதிவு என்று மேனேஜர் பெருமையாக ஒரு முறை கொண்டுவந்திருந்தார். ஏப்ரல் ஒன்றும் இரண்டும் நான் நுழைந்தது என் டிஸ்க்கில் இருந்தது. அதை நேற்று மத்தியானம் நானே துடைத்துவிட்டேன். இன்றைக்கு நுழைந்தது இருக்கிறது. தேதி மார்ச் முப்பத்தொன்று. இந்தக் கம்பெனியில் உண்மைத் தேதி சொல்லிக்கொண்டிருந்த ஒரே ஒரு மெஷின் என்னுடையது. அதன் வாயையும் நானே அடைத்து, அது ஒழுங்காக ஓடுகிறது என்று நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து ரசித்திருக்கிறேன். மேனேஜர் இதை யோசித்துச் செய்தாரா, நான் செய்துவைத்ததைப் பார்த்துப் பயன்படுத்திக்கொண்டாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரண்டுக்கும் சேர்த்தே அவர்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது.

"இன்னைக்கு மூணு சார்" என்று மறுபடியும் சொன்னேன்.

அவர் தலைக்குப் பின்னால் இருந்த காலண்டரைத் திரும்பிப் பார்க்காமலே கையால் காட்டினார்.

"இன்னும் தாள் கிழிக்கலியே தம்பி."

கவரை வாங்கிக்கொண்டு வெளியே வந்தேன். கேட்டுக்குப் போகும் வழியில் டெஸ்பாச் ரூம். உள்ளே போனேன். இன்சார்ஜ் இருந்தார், பில் போடும் பெண்ணும் இருந்தாள். நேராகச் சுவருக்குப் போய், முப்பத்தொன்றாம் தேதித் தாளைப் பிடித்து இழுத்தேன். ஒன்றாம் தேதியையும் இரண்டாம் தேதியையும் கிழித்தேன். மூன்றாம் தேதி வந்ததும் நிறுத்தினேன். கிழித்த மூன்றையும் அவர் மேஜையில் போட்டேன். பிரிண்டர் ஒரு பில்லின் நடுவில் நின்றுபோயிருந்தது; அந்தப் பெண் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டாள். இன்சார்ஜ் எழுந்து என் சட்டையைப் பிடித்தார். நானும் அவர் சட்டையைப் பிடித்தேன். வாட்ச்மேன் ஓடிவந்து பிரித்து, என்னைத் தள்ளிக்கொண்டுபோய்க் கேட்டுக்கு வெளியே விட்டார். விடும்போது வழக்கம்போல, "தாள் கிழிச்சாச்சா சார்?" என்று கேட்டார். பழக்கத்தில் வாயில் வந்துவிட்டது போல. ஆச்சு என்றேன்.

அன்று ராத்திரியே என் மனைவி உத்தனப்பள்ளிக்குச் சேதி அனுப்பிவிட்டாள். மாமனார் மறுவாரம் வந்தார். என்னை எதுவும் கேட்கவில்லை. அதுதான் தாங்கமுடியவில்லை; அந்த டெம்ப்ரவரியைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அந்தப் பில் போடும் பெண்ணைச் சில மாதம் கழித்து டவுன் பஸ்ஸில் பார்த்தேன். நீங்கள் போனபிறகு என்ன நடந்தது தெரியுமா என்று அவளே ஆரம்பித்தாள். இன்சார்ஜ் அந்த முப்பத்தொன்றாம் தேதித் தாளைத் தேடியெடுத்து, கசங்கலை உள்ளங்கையால் நீவி, கோந்து தடவிப் பழைய இடத்திலேயே ஒட்டினாராம். சாயங்காலம்வரை அந்தத் தேதியில் பில் போட்டார்களாம். பில் போட ஆரம்பிக்கும்முன் மேனேஜர் என் மெஷினைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து, அதுவும் முப்பத்தொன்றில்தான் இருக்கிறது, எதுவும் நிற்கவில்லை, நன்றாக ஓடுகிறது என்று சொன்னாராம்.